பாடியில் பழுதில்லை

மணப்பெண்ணின் முகத்தைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கி, "இது என்னப்பா, இட்லி குண்டான் ஆவியில நிக்க வச்சு எடுத்த மாதிரி?" என்று முதலாளி கேட்ட காலைப் பொழுது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் நான் எடுத்த படம் அது. பெண்ணுக்குப் பின்னால் வீடியோக்காரரின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முகம், மாலை, நகை எல்லாமே பனி மூடியதுபோல் வெளுத்துக் கிடந்தன. கேமரா வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

தேரடி வீதியில் ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்த அந்த ஸ்டூடியோவில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். முதலாளி பிலிம் காலத்தில் தொழிலுக்கு வந்தவர். கடையிலிருந்த மற்ற எல்லாச் சாமான்களையும் சேர்த்து விற்றாலும் அந்தப் புதுக் கேமராவும் லென்ஸும் வாங்க முடியாது. தலை நிற்காத குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்தித்தான் என்னிடம் கொடுப்பார். லென்ஸுக்கு முன்னால் பாதுகாப்பாக ஒரு பில்டர் கண்ணாடி போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "இவ்ளோ நல்ல கண்ணாடிக்கு முன்னாடி சோடா பாட்டில் கண்ணாடியா?" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

படம் வெளுப்பது எல்லா நேரமும் நடக்கவில்லை. அதுதான் வம்பே. நிழலில் எடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வரும். எதிரே விளக்கோ ஹோமத் தீயோ இருந்தால் போச்சு. லென்ஸ்மேல் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை, அது பளபளவென்று இருந்தது. அதனால் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கேமராவின் பாடியை மட்டும் சென்னை சர்வீஸ் சென்டருக்குக் கூரியரில் அனுப்பினோம். உள்ளே சுத்தம் செய்து திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் வெளுத்தது. மறுபடியும் அனுப்பினோம். அவர்களுடைய லென்ஸைப் போட்டு எடுத்த அழகான படம் ஒன்றுடன், பாடியில் பழுதில்லை என்று ஒரு தாளும் வந்தது.

கேமராவில் கோளாறு இல்லையென்றால் வேறு எதில்? முதலாளி என்னைப் பார்த்தார். வேங்கிக்காலில் இருந்த அந்தப் பெண் வீட்டார் ஆல்பத்தை வாங்க மறுத்தபோது, "எங்க ஆளுக்குக் கண்ணுல ஏதோ பிரச்சினைங்க" என்று என்னை வைத்துக்கொண்டே சொன்னார். கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்வை நன்றாக இருப்பதாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதைக் காட்டியதும், "டாக்டர் என்ன கல்யாண போட்டோவா எடுத்திருக்காரு?" என்றார். தை மாதக் கல்யாணங்களுக்கு வேறு ஆளைப் பேசிவிட்டு, என்னைப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க உட்காரவைத்தார். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் கல்யாணம் எடுப்பது. அது கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு கண்ணை மூடிச் செங்கம், மறு கண்ணை மூடிப் போளூர் என்று போர்டுகளைப் படித்துப் பார்ப்பேன். எல்லா எழுத்தும் தெளிவாகத்தான் தெரிந்தது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை.

தை மாதத்துக்கு வந்த அந்தப் புது ஆள் அதே கேமராவில் எடுத்த படமும் வெளுத்தது. முதலாளி பாடியை மூன்றாம் முறை அனுப்பச் சொன்னார். அவரிடம் கேட்காமல் லென்ஸையும் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். நான்கு நாள் கழித்து அவர் எதிரில் இருக்கும்போதே சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் என் போனுக்குக் கூப்பிட்டார். கீழே பஸ் சத்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், பாடி நல்லா இருக்கு. லென்ஸோட முன் கண்ணாடி பூரா நுணுக்கமா கீறல். மேல் பூச்சே போயிடுச்சு. அதான் எதிர்ல வெளிச்சம் பட்டா படம் வெளுக்குது. ஓரத்துல சாம்பல் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு. எதைப் போட்டுத் தேச்சீங்க?"

எங்கள் ஊரில் குத்துவிளக்கையும் வெள்ளிச் சாமானையும் விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காத வீடு இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் கடையில் சாமி படத்துக்குச் சூடம் காட்டிய பிறகு, முதலாளி ஒரு சிட்டிகை விபூதியை லென்ஸில் வைத்து வேட்டி நுனியால் வட்டமாகத் தேய்ப்பார். வாராவாரம் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கும் அது பூஜையாகத்தான் பட்டது.

"யார் சார் தேச்சது? ரிப்போர்ட்ல எழுதணும்" என்றார் அந்தப் பெண்.

மூன்று மாதமாக நான் ஏங்கிக்கொண்டிருந்த நேரம் அது. முதலாளியைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. கை நெற்றிப் பட்டையைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது. "நான்தாங்க மேடம்" என்றேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான்.

முதலாளி எட்டி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"அவன் சொல்றத எழுதாதீங்கம்மா. நான்தான் தேச்சேன். அப்புறம், போட்டோ எடுத்தவன் கண்ணுல ஒரு கோளாறும் இல்லைனு அதுலயே ஒரு வரி சேத்து எழுதிக் குடுங்க. பொண்ணு வீட்டுல காட்டணும்."