பள்ளியின் முழுப்பெயர்

கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் மறுபடி திறந்த சமயம். குவைத்தில், மங்காஃபில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சி வைத்தார்கள். ஆசிரியர்கள் தாங்கள் எங்கே படித்தோம் என்று பெற்றோர் முன்னால் பேச வேண்டும்.

எங்களோடு ஆங்கிலம் கற்பித்தவர் ஓர் அமெரிக்கக் கறுப்பினப் பெண். அங்கே தெற்கில், ஒரு சின்ன ஊரில் கறுப்பின மக்களுக்கென்று எழுந்த கல்லூரியில் படித்தவர். "அந்தக் காலேஜ் இங்க யாருக்கும் தெரியாது, லண்டன்ல வாங்கின பட்டத்தை மட்டும் சொல்லுங்க" என்று பள்ளி முதல்வர் அவரிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "தெரியலைன்னா நாளைக்குத் தெரிஞ்சுக்கட்டும்" என்று சிரித்தபடி எழுந்துவிட்டார்.

மேடையில் லண்டனைப் பற்றி மூச்சே விடவில்லை. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்லூரியாம். ஊரில் யாரும் அவர்களுக்குச் செங்கல் விற்கவில்லை. மாணவர்களே மண் பிசைந்து சூளை போட்டிருக்கிறார்கள். கட்டிய பிறகு யாரோ தீ வைத்தார்கள். சாம்பல் ஆறுவதற்குள் பக்கத்து தேவாலயத்தில் வகுப்பு நடந்தது. அவருடைய அம்மா அங்கே படித்த காலத்தில் கறுப்பின மாணவர்கள் ஊர்க் கடையில் உட்கார்ந்து காபி குடிக்க முடியாது. உட்கார்ந்தே தீருவோம் என்று உட்கார்ந்து சிறைக்குப் போனவர்களில் அந்த அம்மாவும் ஒருவர்.

ஒரு தகப்பனார் எழுந்து, தனிக் கல்லூரி வைப்பதும் பிரிவினைதானே என்று கேட்டார். "கதவைச் சாத்தினது நாங்க இல்ல சார்" என்றார் அவர்.

அடுத்து நான். கூட்டத்தில் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் இருந்தார்கள். பள்ளியின் பெயரைச் சொன்னால் சாதியும் தெரிந்துவிடும். மைக்கைப் பிடித்து, நான் படித்தது அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி என்று முழுப்பெயரையும் தமிழிலேயே சொன்னேன்.

முடிந்ததும் என் மாணவி ஒருத்தியின் அப்பா வந்தார். எங்கள் பக்கத்துக்காரர்தான்.

"அதெல்லாம் ஊரோட இருக்கட்டுமே டீச்சர். கடல் தாண்டி வந்தும் எதுக்கு?"

"கடல் தாண்டி வந்தும் உங்களுக்கு உறுத்துதே சார், அதுக்குத்தான்."

விஷயம் முதல்வரிடம் போனது. என்னைக் கூப்பிட்டு, அவரிடம் வருத்தம் தெரிவித்துவிடுங்கள் என்றார். என் விசா பள்ளியின் கையில். வேலை போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். "நான் என்ன தப்பு செஞ்சேன் மேடம்?" என்று மட்டும் கேட்டேன். என்னோடு வந்திருந்த அந்த ஆங்கில ஆசிரியை, "இவங்களை அனுப்பினா என் டிக்கெட்டையும் சேர்த்தே போடுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வருத்தம் தெரிவிக்கும் பேச்சை முதல்வர் அதோடு விட்டுவிட்டார்.

அந்த மனிதர் மகளை வேறு பிரிவுக்கு மாற்றிக்கொண்டார். நல்ல பிள்ளை, எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அன்றைக்குப் பிறகு, எங்கே படித்தீர்கள் என்று யார் கேட்டாலும் என் குரல் தாழ்வதில்லை. கேட்பவர் முகம் மாறினால் அது அவர் பாடு.