என்னைக் கண்காணித்த மனிதர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு மாடி வீட்டில் நானும் என் மகளும் வாடகைக்கு இருந்தோம். கணவர் தவறிவிட்டார். மகள் ஒன்றாம் வகுப்பு. சென்னையில் ஒரு பத்திரிகைக்கு வாராவாரம் உளவுத்துறை, உள்நாட்டுப் பாதுகாப்பு பற்றிக் கட்டுரை எழுதுவதுதான் என் பிழைப்பு. யாரை எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள், கோர்ட்டில் என்ன சொன்னார்கள், சொன்னதில் எது நிற்கவில்லை என்று கிளறிக்கொண்டே இருப்பேன். அப்படிக் கிளறுகிறவளைச் சும்மா விடுவார்களா? என் மேலேயே ஒரு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

மஃப்டியில் வரும் போலீஸ்காரர். நாற்பது வயதிருக்கும். காலையில் சைக்கிளை எதிர் டீக்கடையில் சாத்திவிட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பேப்பருக்கு மேலே இரண்டு கண் மட்டும் என் வீட்டு வாசலில் இருக்கும். முதலில் எனக்கு எரிச்சலான எரிச்சல். ஒரு நாள் நேராகப் போய், யார் நீங்கள், என்ன வேண்டும் என்று கேட்டேவிட்டேன். மனுஷன் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். அழாத குறையாகத் தன் பாட்டைச் சொன்னார். சைக்கிளில் வருகிறவர் பஸ்ஸில் போகிறவளை எப்படிப் பின்தொடர்வது? சாயந்திரமானால் ரிப்போர்ட் எழுதியாக வேண்டும். கடைசியில் வெட்கத்தை விட்டு என்னிடமே கேட்டார்: "மேடம், நாளைக்கு இன்னா ப்ரோக்ராம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது, நான் என்ன குண்டா வைக்கிறேன்? சொல்லிவிட்டேன். அதுவே வழக்கமாகிப் போனது. மறுநாள் போகிற இடம், ஏறுகிற பஸ், பார்க்கப்போகிற ஆள் எல்லாவற்றையும் முதல் நாளே ஒப்பித்துவிடுவேன். அவர் நிம்மதியாக எழுதிக் கொடுத்துவிடுவார். ஒருமுறை தோழி வீட்டு விசேஷத்துக்கு அவசரமாகச் சிங்கப்பெருமாள் கோயில் போய்விட்டேன். சாயந்திரம் நான் திரும்பியதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போனால் நான் என்னத்தை எழுதுவது என்று சண்டைக்கு வந்துவிட்டார். பஸ், இடம், நேரம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டுதான் போனார். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது.

அகதிகளுக்கு அடைக்கலம் கொடுத்ததாகச் சில மீனவர்களைப் பிடித்து உள்ளே போட்டிருந்த சமயம் அது. ஜாமீனே கிடைக்காத சட்டம். அவர்களுடைய குடும்பத்தார் கோவளத்தில் ஒரு வீட்டில் கூடுவதாகவும், நான் வந்தால் நடந்ததைச் சொல்வதாகவும் தகவல் வந்தது. வழக்கம்போல அதையும் அவரிடம் சொல்லியிருந்தேன்.

அன்று காலை மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, மகாபலிபுரம் போய் அங்கிருந்து கோவளத்துக்கு பஸ் மாறலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் ஆயிற்று. ஜன்னலுக்கு வெளியே அவர் நின்றார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் வந்ததே இல்லை. முகமெல்லாம் வேர்வை.

"எறங்குங்க மேடம். இன்னிக்கு கோவளம் போவாதீங்க."

ஏன் என்று கேட்டேன்.

"கேக்காதீங்க. உங்களுக்குக் கொயந்த கீது. வூட்டுக்குப் போங்க. யாரு கேட்டாலும் ஜுரம், வூட்லயே படுத்துகினு இருந்தேன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் கூட்டத்தில் புகுந்து போய்விட்டார். இறங்கி, எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். கோவளத்தில் அந்த வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடை நம்பர் என்னிடம் இருந்தது. போனை எடுத்த கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, தெரு முழுக்க ஜீப் நிற்கிறது, எல்லாரையும் ஏற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் மேலும் அதே சட்டம் பாய்ந்தது. கணவனைப் பற்றிச் சொல்ல வந்த பெண்கள்கூடத் தப்பவில்லை. வெளியே வர வருடங்கள் ஆயின. வழக்கு நிற்கவில்லை, எல்லாரும் விடுதலை. அந்த வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? நானும் போயிருந்தால் என் மகளை யார் வீட்டில் விட்டிருப்பார்களோ!

அடுத்த வாரமே டீக்கடையில் வேறு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாளில் எனக்குச் சம்மன் வந்தது. என்னை எச்சரித்தவர் மேல் துறை விசாரணை, நான் சாட்சி. போனேன். அப்படி ஒருவரை எனக்குத் தெரியவே தெரியாது என்றேன். அன்றைக்கு எனக்கு ஜுரம் என்றேன். பொய்ச் சாட்சிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அன்று கண்ணை இமைக்காமல் பொய் சொன்னேன். கொஞ்சம்கூட வருத்தமில்லை.

விசாரணை அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"சைக்கிள்ல வர்ற ஆளு, மேடம். ஒரு வருஷமா ஒரு தடவைகூட உங்களை மிஸ் பண்ணல. நீங்க ஏறுன பஸ், எறங்குன எடம், பார்த்த ஆளு, எல்லாம் கரெக்ட். எங்ககிட்ட இவ்ளோ கெட்டிக்காரங்க யாரும் கிடையாது. கோவளத்துல ரெய்டு நடந்த அன்னிக்கு மட்டும் நீங்க வீட்லயே இருந்தீங்கன்னு எழுதியிருக்காரு. தப்பே வராத தகவலைத்தான் மொதல்ல சந்தேகப்படணும்னு நீங்களே கட்டுரையில எழுதலையா?"

எழுதியிருந்தேன். உளவுத் தகவலை எடைபோடுவது பற்றிய கட்டுரை, அதற்கு நல்ல பெயரும் வாங்கியிருந்தேன். நடுநடுவே ஒரு பஸ்ஸை மாற்றிச் சொல்லியிருந்தால், ஒரு ஊரைத் தப்பாகச் சொல்லியிருந்தால், அந்த மனுஷன் பிழைத்திருப்பார். உதவுகிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் பிசகாமல் ஒப்பித்து நானே அவரை மாட்டிவிட்டிருந்தேன்.

அவர் வேலை போயிற்று. ஒரு நாள் அவருடைய மனைவி என்னைத் தேடி வந்தார். திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும் என்றுதான் கதவைத் திறந்தேன். அவர் உட்காரக்கூட இல்லை. வேலையைத் திரும்பக் கேட்டுக் கேஸ் போட்டிருப்பதாகச் சொன்னார்.

"நல்லது பண்றேன்னு பேப்பர்ல எதுவும் எழுதிடாதம்மா. எழுதுனா அவரு உன்னாண்ட தகவல் சொன்னத ஒத்துக்கினா மாதிரி ஆய்டும். கேஸ் பூடும்."

நான் எழுதவில்லை. அவர் சைக்கிளில் தண்ணீர் கேன் போடுவதாகக் கேள்விப்பட்டபோதும் எழுதவில்லை. ஊரில் யாருக்கு அநியாயம் நடந்தாலும் பேனாவைத் தூக்குகிறவள், அவருக்கு நடந்ததற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கேஸ் வாய்தா மேல் வாய்தாவாக இழுத்துக்கொண்டே போனது. பத்து வருடம் தாண்டியும் தீர்ப்பு வரவில்லை.

போன மாதம் அவருடைய மனைவி போன் செய்தார். அவர் போய்விட்டாராம், நெஞ்சுவலி. காரியமெல்லாம் முடிந்துவிட்டது என்றார். "இனிமே எழுதிக்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்தத் துறையைப் பற்றி இத்தனை வருடங்களாகப் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்த நான், அதற்குள்ளிருந்து வந்து என்னையும் என் மகளையும் காப்பாற்றிய ஒரே மனிதரைப் பற்றி, அவர் படிக்க முடியாமல் போன பிறகுதான் முதல் வரியை எழுதுகிறேன்.