சரளை மேட்டுக்குப் போன பொடிக்கடலை

பெரிய மருமகளுக்குத் தன் கடலை மீது அப்படியொரு கர்வம். இருக்காதா பின்னே! வெள்ளைக் கொண்டைக்கடலை, ஒவ்வொன்றும் கோலிக்குண்டு கணக்காக இருக்கும். கல்யாணமாகி வரும்போது பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த விதை. அன்றிலிருந்து அந்த வீட்டு நிலம் முழுக்க அதுதான். சந்தையில்கூட "பெரியம்மா கடலை வந்துடுச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அப்புறம் சின்ன மருமகள் வந்தாள். கூடவே ஒரு பை பொடிக்கடலை. அதுவும் கொண்டைக்கடலைதான், ஆனால் பொடிசாக, பழுப்பாக, சுருங்கிப்போய். "எங்க வீட்டுல இதத்தான் போடுவாங்க மாமா" என்றாள். மாமனாரும் உருகிவிட்டார். இரண்டு வருஷம் இரண்டையும் போட்டுப் பார்ப்பது, எது தேறுகிறதோ அதையே நிலம் முழுக்க விதைப்பது என்று முடிவாயிற்று. பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று வந்தவள், அதற்குள் விதை வரைக்கும் வந்துவிட்டாளா?

அந்த வீட்டில் எந்தத் துண்டில் எதை விதைப்பது என்று பிரிப்பது மூத்த மருமகளின் உரிமை. வாய்க்காலை ஒட்டிய கரிசலைத் தனக்கு வைத்துக்கொண்டாள். ஆடுகூட எட்டிப் பார்க்காத சரளை மேடு சின்னவளுக்கு.

"அங்க ஈரமே நிக்காதேக்கா?"

"கடலைக்கு எதுக்கும்மா ஈரம்? பனியிலயே வந்துடும்" என்றாள் பெரியவள், தேன் ஒழுக. ஒழியட்டும், முளைக்காமலே ஒழியட்டும் என்றது மனசு.

முதல் வருஷம் நல்ல குளிர். வெள்ளைக்கடலை மூட்டை மூட்டையாக வந்தது. மேட்டில் சுமார்தான். "பாவம், உன் கடலைக்கு அவ்வளவுதான் தெம்பு" என்று பெரியவள் உச்சுக்கொட்டினாள். உள்ளே ஜில்லென்று இருந்தது.

அடுத்த வருஷம் மழை ஏமாற்றியது. வாய்க்கால் வறண்டது. பூக்கிற நேரம் பார்த்து வெயில் முந்திக்கொண்டு கொளுத்தியது. வெள்ளைக்கடலைச் செடியில் பூவெல்லாம் கொட்டிப்போய், போன வருஷத்தில் கால்வாசிகூடத் தேறவில்லை. மேட்டுப் பொடிக்கடலையோ ஏறக்குறைய போன வருஷ அளவுக்கே வந்து நின்றது. பெரியவள் களத்துக்குப் போய் அந்தக் குவியலில் கையை விட்டு அளைந்து பார்த்தாள். வயிறு எரிந்தது.

மாமனாருக்கு ஒரே பூரிப்பு.

"பெரியவளே, உன் மூளையே மூளை! கரிசல்ல போட்டிருந்தா, மண்ணு காப்பாத்துச்சுன்னு சொல்லியிருப்போம். அந்தக் கட்டாந்தரையில போடவச்சு, எந்த வருஷம்னாலும் இது கைவிடாதுன்னு நீதானே காட்டிக் குடுத்த! இனிமே நிலம் பூரா இதுதான்."

சின்னவள் ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்காகத்தான் செஞ்சீங்களாக்கா? நான்தான் உங்கள தப்பா நினைச்சுட்டேன்."

பெரியவள் சிரித்து வைத்தாள். வாய்விட்டு அழலாம் போலிருந்தது. அழுதால் சந்தோஷத்தில் அழுகிறாள் என்பார்கள்.