கண்காட்சியில் நின்ற கூடாரம்

போர் முடிந்து மீள்குடியேறி ஒரு வருடமாகியும் இலுப்பைக்கடவையில் நாங்கள் தறப்பாள் விரித்த கொட்டிலில்தான் இருந்தோம். வீடு கேட்டு அரசாங்கக் கந்தோருக்கு அலைந்து களைத்த ஒரு நாள், வெயிலுக்கு ஒதுங்க, மன்னாரில் நடந்த சுனாமிக் கண்காட்சிக்குள் நானும் மனைவியும் நுழைந்தோம்.

படங்களைத் தாண்டி ஒரு மூலையில், சுனாமி நேரம் சனம் தங்கிய தறப்பாள் கூடாரத்தை அப்படியே நிறுத்தியிருந்தார்கள். நான் பழக்கத்தில் செருப்பைக் கழற்றினேன். மனைவி தளர்ந்திருந்த கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

“அம்மா, தொடாதேங்கோ. அந்த நேரம் சனம் பட்ட பாட்டைக் காட்ட வைச்சிருக்கு,” என்றாள் காவலுக்கு நின்ற பெண்.

“ஓம் பிள்ளை. காத்தடிச்சா இந்தப் பக்கம்தான் முதல்ல கிழியும்,” என்றாள் மனைவி, முடிச்சை விடாமல்.

அந்தப் பெண் எங்களையே பார்த்தாள். பிறகு தான் இருந்த கதிரையைத் தூக்கிவந்து மனைவிக்குப் போட்டாள்.

அந்தக் கதிரையை நான் மறக்கவில்லை. ஆனால், முடிந்துபோன துன்பம் என்று அங்கே வைத்திருந்ததற்குள்தான் அன்று மாலையும் ஊர் திரும்பி நாங்கள் குனிந்து நுழைந்தோம்.