ஆன்லைனில் ஜாக்கெட் வெட்டிய கதை

ஆன்லைன் பயிற்சிக்குத் திட்டம் போடுவது சுலபம். என்ன, அந்தத் திட்டத்தைப் பார்க்காதவர்கள்தான் வகுப்புக்கு வருவார்கள். இந்த வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திண்டிவனத்தில் ஒரு தையல் பயிற்சி நிலையத்தில் எனக்கு வேலை. பஸ் ஏறி வர முடியாத பெண்களுக்குப் போனிலேயே ஜாக்கெட் தைக்கக் கற்றுத்தரலாம் என்று யோசனை சொன்னவள் நான்தான். "முதல் பேட்ச் ஒழுங்கா தைச்சுக் காட்டணும். இல்லைன்னா ஆன்லைனை மூடிடுவேன்" என்றார் விழுப்புரத்தில் இருக்கும் எங்கள் முதலாளி. மூடினால் அத்தனை பேர் படிப்பும் அதோடு போச்சு. எனக்கென்னவோ பயமே வரவில்லை.

பதினோரு மணி

சமையல் முடிந்து சும்மா இருப்பார்கள் என்று நானாக நினைத்துப் பதினோரு மணிக்கு வகுப்பு வைத்தேன். முதல் நாள் ஒருத்தி முகமும் தெரியவில்லை. போன் திரையில் கிளியனூர் சரசுவின் கட்டத்தில் வெறும் வானம், கூடவே சளசளவென்று பேச்சு. எங்கம்மா இருக்கே என்று கேட்டேன்.

"மல்லாட்டைக் கொல்லையில கடலை பிடுங்கிக்கினு இருக்கோம் மேடம். நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க, எல்லாரும் கேட்டுக்கினுதான் இருக்கோம்."

கட்

வகுப்பை நாலு மணிக்கு மாற்றினேன். துணி வெட்டும் பாடத்தன்று முதலாளியும் போனில் வந்து உட்கார்ந்தார். எங்கள் தையல் டீச்சர் மேரி கோடு போட்டுக் காட்டிவிட்டு, "இப்ப எல்லாரும் கட் பண்ணுங்க" என்றார். பண்ணினார்கள். துணியை இல்லை, போனை. போனை வைக்கிறதைத்தானே நாமெல்லாம் கட் பண்றது என்கிறோம்? ஒவ்வொரு கட்டமாக மறைந்து, கடைசியில் மேரி, நான், முதலாளி மட்டும் மிச்சம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து எங்கள் பாடத்தில் 'வெட்டுங்க' மட்டும்தான். முதலாளி சொன்னது இவ்வளவுதான்:

"சொன்ன பேச்சைக் கேக்குற பேட்ச்தான் மேடம்."

ஆம்பளைக் குரல்

இரும்பை கிராமத்துச் செல்வி ஒருநாள்கூட வகுப்புக்கு மட்டம் போட்டதில்லை. ஆனால் கேமராவையும் திறக்க மாட்டாள், வாயையும் திறக்க மாட்டாள். ஒருநாள் பேர் சொல்லிக் கேள்வி கேட்டேன். ஆம்பளைக் குரலில் பதில் வந்தது. வீட்டுக்கு ஒரே போன், அதுவும் கொத்தனார் வேலை செய்யும் அவள் புருஷனிடம். பொம்மையார்பாளையத்தில் வேலை. டீ நேரத்தில் போனைச் செங்கல் அடுக்கில் சாய்த்துவைத்து, மேரி போடும் கோட்டைச் சாந்துக் கரண்டியால் மணலில் போட்டுப் பார்த்து, வீட்டுக்குப் போய் அவளுக்குச் சொல்லித்தருவாராம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இந்த லட்சணத்தில் அவள் முதலாளி முன்னால் எப்படித் தைத்துக் காட்டுவாள்?

"கேக்கறது நானு, தைக்கிறது அவ. இதுல என்னா தப்பு மேடம்?"

பூச்சு

கடைசி நாள் எல்லாரும் திண்டிவனத்துக்கு வந்தார்கள். தைத்த ஜாக்கெட்டுகளைப் பார்த்த முதலாளி, புருஷன் வகுப்பில் உட்கார்ந்த விஷயம் காதில் விழுந்திருந்ததால் செல்வியை மட்டும் புதுத்துணியில் வெட்டிக் காட்டச் சொன்னார். அவள் அளவு ஜாக்கெட்டை விரித்துவைத்து, கோடு போட்டு, நிதானமாக வெட்டினாள். ஓரத்தில் எதற்கும்மா துணி விட்டிருக்கே என்று கேட்டார் முதலாளி. "பூச்சுக்கு சார்" என்றாள். தையலுக்கு விடுவதைப் புருஷன் சுவர்ப் பூச்சுக் கணக்கில்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மேரி அளந்து பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த பேட்சுக்கு ஆள் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போனார் முதலாளி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் நின்றிருந்த கொத்தனார் மெதுவாகக் கிட்டே வந்தார்.

"சுடிதார் கிளாஸ் எப்ப மேடம் ஆரம்பிக்கிறீங்க?"

ஆக, பெண்களுக்குச் சுடிதார் வகுப்பு வைப்பதென்றால் முதலில் கொத்தனாருக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.