மாப்பிள்ளையின் கல்லை வெட்டலாமா?

மாப்பிள்ளைக்குக் காபி கொண்டுபோய் வைத்தபோதுதான் அந்த ஆட்டத்தை முதன்முதலாகப் பார்த்தேன். போன வருடம் ஆடி அழைப்புக்கு மகளும் அவரும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரருக்கு இடம் விட்டு உட்காருவதுபோல, எங்கள் வீட்டு சோபாவின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார் மனிதர். முன்னால் ஸ்டூலில் ஆட்டையாம்பட்டி முறுக்கு, அதிரசம், வாழைப்பழம், ஆப்பிள் என்று ஒரு கடையே பரப்பியிருந்தேன். எதையும் தொடவில்லை. கையில் போன். போனில் மஞ்சள் நிறத்தில் ஒரு பலகை, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், கருப்பும் வெள்ளையுமாகப் பொட்டுகள். நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். அவர் நிற்கிறாரே என்று நானும் தட்டோடு நின்றேன். ஒருவருக்கொருவர் மரியாதை செய்து முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

எங்கள் பக்கத்தில் மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது குறைவு. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, நான் மகளிடம், "மாப்பிள்ளைக்கு இன்னொரு இட்டிலி வேணுமான்னு கேளு கண்ணு" என்பேன். அவர் மகளைப் பார்த்து, "போதும்னு சொல்லு" என்பார். "நான் என்ன போஸ்ட்மேனா?" என்று மகள் இரண்டு பேரையும் முறைப்பாள். அவள் வேலை செய்யும் இடத்தில் பழகி, அவளாகவே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். அம்மா அவர் சின்னப் பையனாக இருந்தபோதே தவறிவிட்டார். முதலில் கொஞ்சம் முறுக்கிக்கொண்ட நானும் என் கணவரும், கல்யாணம் என்று முடிவான பிறகு, அவருக்கு மரியாதையில் ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டோம்.

இதில் கஷ்டம் எனக்குத்தான். நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் வாய் ஊரறிந்த வாய். கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் கணவரும், முட்டை ஏற்ற வரும் லாரி டிரைவரும், பண்ணைக்குத் தீவனம் கொண்டுவருகிறவரும் அதற்குத் தப்பியதில்லை. மகளைத் தினமும் திட்டித்தான் வளர்த்தேன். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல்தான் வளர்ந்தாள். மாப்பிள்ளையிடம் மட்டும் எனக்கே அடையாளம் தெரியாத ஒரு மெல்லிய குரல் வந்தது. அந்தக் குரலில் "சாப்பிடுங்க", "ரெஸ்ட் எடுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வராது.

ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுட்டோம். வெல்லம், எள், பாசிப்பருப்பு, அவல் எல்லாம் தேங்காய்க்குள் போட்டு, குச்சியில் செருகி, வாசலில் தீ மூட்டி வாட்டுவோம். மாப்பிள்ளை ஆசையாக எழுந்து வந்து ஒரு குச்சிக்குக் கை நீட்டினார். "நீங்க உக்காருங்க மாப்பிள்ளை, பொகை அடிக்கும்" என்று என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவரும் உட்கார்ந்தார். சுட்ட தேங்காயை உடைத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தோம். மூன்று நாள் இருப்பதாக வந்தவர்கள் மறுநாள் காலையிலேயே ஏதோ வேலை என்று கிளம்பிவிட்டார்கள்.

அதன் பிறகு, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டால் மகள், "பாக்கலாம்மா" என்று சொல்ல ஆரம்பித்தாள்.  தீபாவளிக்கு அவள் மட்டும் வந்தாள். அவருக்கு வேலையாம். பொங்கலுக்கு இரண்டு பேருமே வரவில்லை. புருஷன் வர யோசிக்கும் வீட்டுக்கு ஒரு பெண் எத்தனை தடவை தனியாக வருவாள்? ஒற்றை மகள். அந்த மனிதருக்கு எங்கள் வீடு பிடிக்காமல் போனால் எனக்கு மகளும் இல்லை என்று ஆகிவிடும். அவரோடு எப்படியாவது நாலு வார்த்தை பழகிவிட வேண்டும் என்று தவித்தேன். பேச்சுதான் வரவில்லை, அவர் ஆடும் ஆட்டமாவது வருமா என்று பார்ப்போமே என்று தோன்றியது.

மகளிடம் கேட்டேன். "அது பேரு கோ. சீனாவுல பொறந்த ஆட்டம். உனக்கெதுக்கும்மா அதெல்லாம்?" என்றாள். எதற்கு என்று சொல்லாமல், அவள் பெங்களூரிலிருந்து வழி சொல்லச் சொல்ல என் போனில் அதைப் போட்டுக்கொண்டேன். ஆட்டம் நடக்கும் இணைய சர்வரில், உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரோடும் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆடலாம். உள்ளே போக ஒரு பெயர் கேட்டது. எங்கள் எருமையின் பெயரைக் கொடுத்தேன். அதை இங்கே எழுத மாட்டேன்; படிக்கிறவர் யாராவது என்னை ஆட்டத்துக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

முதல் நாள் கட்டத்துக்கு நடுவில் கல் வைக்கப் பார்த்து, அது நகர்ந்து நகர்ந்து கோட்டுக்குப் போகிறதே, போன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இதில் கட்டத்தில் வைப்பதில்லை. கோடும் கோடும் வெட்டும் புள்ளியில்தான் வைக்க வேண்டும். வைத்த கல் நகராது. ஆளுக்கு ஒரு கல்லாக மாற்றி மாற்றி வைத்து, யார் அதிக இடத்தை வளைத்துக்கொள்கிறார்களோ அவர்களுக்கு ஜெயம். ஒரு கல்லைச் சுற்றியுள்ள காலிப் புள்ளிகள்தான் அதன் மூச்சு. எல்லா மூச்சையும் எதிராளி அடைத்துவிட்டால் கல்லைத் தூக்கிவிடுவார். தப்பிக்க ஒரே வழி, ஒட்டி நிற்கும் கற்கள் தங்களுக்குள் இரண்டு சின்ன ஓட்டைகளை வைத்துக்கொள்வது. அதைக் கண் என்கிறார்கள். இரண்டு கண் உள்ள கூட்டத்தை யாராலும் அசைக்க முடியாது. ஒற்றைக் கண் கூட்டம் இன்றைக்கோ நாளைக்கோ போய்ச்சேரும்.

சின்னப் பலகையில், சர்வரில் இருக்கும் மெஷினோடு ஆடிப் பழகினேன். பழகினேன் என்று கௌரவமாகச் சொல்கிறேன். அது என்னைத் துவைத்துக் காயப்போட்டது. பிறகு மனிதர்களோடு ஆடப் போனால் அங்கே கடிகாரம் ஓடியது. பால் பொங்கும்போது ஒரு ஆட்டம் போச்சு. கோழித் தீவனம் இறங்குகிறது என்று எழுந்து போனதில் இன்னொன்று. பிரேசில்காரர் ஒருவர் ஆட்டம் முடிந்ததும் நன்றி என்று ஆங்கிலத்தில் போட, தோற்கடித்ததற்கு எதற்கு நன்றி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுப்பலகையில் துரத்திக்கொண்டே இருப்பேன்; ஒன்றும் சிக்காது. ஒருநாள் என் கணவர் பண்ணையில் கூண்டிலிருந்து தப்பிய கோழி ஒன்றை மூலைக்கு ஓட்டிப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புத்தி வந்தது. மூலையில் இரண்டு பக்கச் சுவரும் நமக்கு வேலை செய்யும். அன்றிலிருந்து மூலைகளை முதலில் பிடித்தேன். அடுத்த முறை அதே பிரேசில்காரரைப் பாதி ஆட்டத்திலேயே சுருட்டினேன். நன்றி என்று நானே முதலில் போட்டேன்.

"ஏம்புள்ள, பொளுதன்னைக்கும் அந்தப் போன்ல என்ன புள்ளி வெக்கற?" என்பார் என் கணவர்.

"சும்மா இருங்க, ஒருத்தன் சாகக் கெடக்கறான்" என்பேன்.

பெரிய பலகைக்குப் போகும் அளவுக்குத் தேறியதும், மகளிடம் மாப்பிள்ளையின் ஆட்டப்பெயரைக் கேட்டு வாங்கி அழைப்பு அனுப்பினேன். யாரென்று தெரிந்ததும் அவர் அன்றைக்கே ஒப்புக்கொண்டார். கடிகாரம் இல்லாத ஆட்டம். ஒரு கல் வைக்க ஆளுக்கு ஒரு நாள் அவகாசம்; நாங்கள் ஒரே நாளில் பத்துப் பதினைந்து கல் வைத்துவிடுவோம். அவர் பெரிய ஆட்டக்காரர் என்பதால், ஆரம்பத்திலேயே ஒன்பது கருப்புக் கல்லை எனக்கு விட்டுக்கொடுத்தார். இளைத்தவருக்கு அப்படிக் கொடுப்பது இந்த ஆட்டத்தில் வழக்கம். எனக்கு வாயெல்லாம் பல். காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு வந்ததும் முதல் வேலை, மாப்பிள்ளை எங்கே வைத்திருக்கிறார் என்று பார்ப்பதுதான்.

ஆனால் ஆடத்தான் முடியவில்லை. அவருடைய வெள்ளைக் கல் ஒன்று கடைசி மூச்சோடு நிற்கும். ஒரு கல் வைத்தால் தூக்கிவிடலாம். கை வராது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் தட்டிலிருந்து இட்டிலியை எடுப்பதுபோல இருக்கும். தள்ளிப்போய் ஒன்றுக்கும் உதவாத இடத்தில் என் கல்லை வைத்துவிட்டு, அவர் கல் பிழைத்ததில் திருப்தியாக சமையலுக்குப் போவேன். முதல் ஆட்டத்தில் தோற்றேன். இரண்டாவதிலும் தோற்றேன். மாப்பிள்ளை சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு எனக்கும் சந்தோஷம்.

மூன்றாவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, ஆனி முடியப் போகிறதே என்று மகளுக்குப் போன் செய்து ஆடிக்கு அழைத்தேன். 

"அம்மா, ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாத. அவருக்கு மனசே செரியில்ல. அந்த சர்வர்ல நீ ஆடுன ஆட்டமெல்லாம் யாரு வேணாலும் எடுத்துப் பாக்கலாம், தெரியுமா? எல்லாத்தையும் பாத்திருக்காரு. ஊருல இருக்கறவன் கல்லையெல்லாம் அத்தை இப்படி வெட்டித் தள்ளறாங்க, என்கிட்ட மட்டும் ஏன் விருந்தாளிகிட்ட ஆடற மாதிரி ஆடறாங்கன்னு கேக்கறாரு."

"மாப்பிள்ளையப் போயி எப்படி வெட்டறது கண்ணு? மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?"

"அதாம்மா பிரச்சனையே. அவங்கம்மா போனதுக்கப்புறம் அவரு சித்தப்பா வீடு, பெரியப்பா வீடு, ஹாஸ்டல்னு மாறி மாறி வளந்தவரு. எல்லா வீட்டுலயும் நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்களாம். நல்ல தட்டு இவருக்குத்தான், மொதப் பந்தி இவருக்குத்தான். வீட்டுப் பசங்கள மட்டும்தான் திட்டுவாங்களாம். போன ஆடிக்கு நம்ம ஊட்டுல ஒரு தேங்காய் சுடக்கூட உடாம உக்கார வெச்சீங்களே, அன்னைக்கு ராத்திரி என்ன சொன்னாரு தெரியுமா? 'இங்கயும் நான் விருந்தாளிதான்'னாரு."

 ஆடிக்கு வருவார்களா என்று மறுபடி கேட்க எனக்குத் தைரியம் இல்லை. போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்களுக்குத் தெரிந்த அன்பையெல்லாம் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறோம். அந்தப் பிள்ளை வேறு எதற்கோ கை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை.

ஆட்டத்தைத் திறந்தேன். கீழ் மூலையில் அவருடைய பெரிய வெள்ளைக் கூட்டம் ஒன்று ஒற்றைக் கண்ணோடு படுத்திருந்தது. இன்னொரு கண் வைக்க அதற்கு ஒரே ஒரு புள்ளிதான் மிச்சம். அவர் அதை அப்படியே விட்டுவிட்டு மேல் மூலைக்குப் போய்விட்டிருந்தார். அந்தப் புள்ளியில் என் கருப்புக் கல் விழுந்தால் மூலை மொத்தமும் காலி, ஆட்டமும் எனக்கு.

தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அதுக்காக மாப்பிள்ளையப் போயி வெட்டறதாக்கும்? கோவிச்சுக்கிட்டு ஆடிக்கும் வராமப் போயிட்டா என்ன பண்ணுவ?" என்றார் அவர்.

அந்தப் பயம் எனக்கும் இருந்தது.  கண்ணை மூடிக்கொண்டு வைக்கவில்லை. நன்றாகத் திறந்து பார்த்தே அந்தப் புள்ளியில் வைத்தேன்.

மத்தியானம் வரை பதில் கல் வரவில்லை. சாயங்காலம் முட்டை லாரி வந்து போனது. டிரைவர் தாமதமாக வந்தும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒடம்புக்கு முடியலைங்களா என்று அவரே கேட்டார். விளக்கு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. மாப்பிள்ளை. அவர் எனக்கு நேராகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"அத்தை! என்ன அத்தை இது? அந்த மூலை மொத்தமும் போயிடுச்சு!"

அந்த மெல்லிய குரலில் ஏதாவது சமாதானம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது என் சொந்தக் குரல்.

"போகாம என்னங்க பண்ணும்? ஒத்தக் கண்ண வெச்சுக்கிட்டுக் கெடக்கற கூட்டத்த அம்போன்னு உட்டுட்டு அக்கட்டால போயி எடம் புடிச்சீங்களே, புத்தி எங்க மேயப் போயிருந்துச்சு? அத்தை பாத்தாலும் வெட்ட மாட்டா, பாவம் பாத்து உட்ருவான்னுதானே நெனச்சீங்க? நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கறேன், ரெண்டு ஆட்டமா அசட்டையா ஆடறீங்க. படிச்ச புள்ள ஆடற ஆட்டமா இது? ஒரு கல்லு, ஒரே ஒரு கல்லு அங்க வெச்சிருந்தா இந்த நெலமை வருமா?"

மூச்சு விடுவதற்காகத்தான் நிறுத்தினேன்.  என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். கெடுத்துவிட்டேன், எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது அவர் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் யாரையோ கூப்பிடுவது கேட்டது. பரிசு வாங்கிய பிள்ளைகள் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வருவார்களே, அந்தக் குரல்.

"ஏய், எங்க இருக்க? இங்க ஓடி வாயேன்! உங்கம்மா என்னைத் திட்டுறாங்க!"

 "மாப்பிள்ளை, இருங்க, நான் இன்னும் முடிக்கல" என்றேன்.

"தெரியும் அத்தை" என்றார் அவர்.  "ஆடிக்கு முன்னாடியே கெளம்பி வர்றோம். மிச்சத்தை நேர்ல வந்து வாங்கிக்கிறேன்."