எதிர்வரிசை டாக்டருக்கு என் ஓட்டு

எதிர்வரிசை டாக்டரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நானும் அவரும் ஒரே மாதத்தில், ஒரே தெருவில், எதிரெதிராகக் கிளினிக் திறந்தோம். படிப்பில் தங்கப் பதக்கம் வாங்கியவன் நான். அவர் இரண்டு பாடத்தைத் திரும்ப எழுதித் தேறியவர். ஆனால் அவருடைய பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். நாக்கை நீட்டச் சொல்லும்போதே, மகளுக்கு வேலை கிடைத்ததா என்று விசாரிப்பார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மருந்துச் சீட்டின் பின்பக்கத்திலேயே குடிநீர் அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுப்பார். இருமலும் நிற்கும், தண்ணீரும் வரும். எனக்கு வயிறு எரியும்.

ஒருமுறை என் மனைவியே காய்ச்சலுக்கு அவரிடம் போய்விட்டு வந்தாள். ஏன் என்று கேட்டேன்.

“அவர்கிட்ட சொன்னாலே பாதி சரியாயிடுது. உங்ககிட்ட வந்தா இல்லாத வியாதிக்கும் பயம் வருது” என்றாள்.

சட்டசபைத் தேர்தல் வந்தது. ஒரு கட்சி அவரை நிற்கச் சொன்னது. கிளினிக்கை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தயங்கினார். விடுவேனா? தெருவுக்கு நான் ஒருவனே டாக்டராகிவிடலாம் என்ற நினைப்பில், ஊருக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று உருகினேன். வீடு வீடாக அவருக்கு ஓட்டுக் கேட்டுச் செருப்பைத் தேய்த்தேன். ஜெயித்தார். அவருடைய பெயர்ப் பலகையை இறக்கும்போது ஏணி பிடித்தவனும் நான்தான்.

என் பெஞ்ச் நிறைந்தது. வாயெல்லாம் பல்லாக இருந்தேன், ஒரு தையல்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டும்வரை. எதிர்வரிசை டாக்டரின் கிறுக்கல் கையெழுத்து: ‘இவர் என்னைவிட நல்ல டாக்டர். பயப்படாமல் காட்டுங்கள்.’ மற்றவர்களைக் கேட்டேன். பாதிப் பேர் கையில் அதே சீட்டு. மனு கொடுக்கத் தன்னிடம் வருகிறவர்களுக்கு நாடி பார்த்து இங்கே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். என் நோயாளிகள்கூட அவர் போட்ட பிச்சையா? சீட்டுகளை வாங்கி வாங்கிக் கிழித்தேன். வந்தவர்களுக்கு வைத்தியம் ஒழுங்காகத்தான் பார்த்தேன், அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

அடுத்த தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவனுக்குக் குத்தினேன். அந்த ஆளின் முழுப்பெயர்கூட எனக்குத் தெரியாது. இவர் தோற்றார். நானூறு ஓட்டு வித்தியாசம். என் ஒரு ஓட்டால் எதுவும் மாறிவிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுவாரம் காலையில் எதிரே ஷட்டரைத் திறந்து, அவரே கூட்டினார். பிறகு தெருவைக் கடந்து வந்து, டோக்கன் வாங்கி, என் பெஞ்சில் கடைசி ஆளாக உட்கார்ந்தார். முறை வந்ததும் உள்ளே வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினார். நாலு நாளாக நெஞ்சு படபடக்கிறதாம். சீட்டில் எழுதியது வெறும் உபசாரம் இல்லை போலிருக்கிறது.

ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன்.

“கூட இருந்தவங்களே கவுத்துட்டாங்க டாக்டர்” என்றார். “யோசிச்சுப் பாத்தா, நிச்சயமா எனக்கு விழுந்திருக்கும்னு சொல்லக்கூடியது உங்க ஓட்டு ஒண்ணுதான்.”

“பேசாம மூச்ச இழுங்க” என்றேன்.

அவருடைய இதயம் நிதானமாக, ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. கோளாறு எதுவும் இல்லை. அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.